நாடு ஒரு பங்குக் கிணறு



நாட்டை நேசிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எங்கள் வீடுகளில் முதலில் ஒரு மௌனம் நிலவும். பின்னர் ஒருவர் மெல்லக் கேட்பார்: "எந்த நாட்டை?" அந்தக் கேள்வியை வெறும் விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1958ஐயும் 1977ஐயும் 1983ஐயும் கண்ட முதியவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். 2009இல் வன்னியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, 2017ஆம் ஆண்டு தொடக்கம் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து பதில் கேட்ட தாய்மாரை நாம் அறிவோம். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்களும் அவர்களுள் உண்டு. இவர்களிடம் சென்று, "கொடியை ஏற்றுங்கள், கீதத்தைப் பாடுங்கள், அதுவே நாட்டுப்பற்று" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆயினும், கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. நாம் பிறந்து வளர்ந்த நாட்டுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? காயப்பட்டவனுக்கும் அந்தக் கடன் உண்டா? உண்டென்றால் அதை எப்படித் தீர்ப்பது? பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது? இவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

நாலாம் கட்டளையின் நீட்சி

திருச்சபை தன் மறைக்கல்வியில் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசும் இடம் கவனிக்கத்தக்கது. தாய் தந்தையைப் போற்ற வேண்டும் என்னும் நாலாம் கட்டளையின் கீழேயே அது பேசப்படுகிறது. புனித தோமஸ் அக்குவீனாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். இறைவனுக்கு அடுத்தபடியாக நாம் கடன்பட்டிருப்பது பெற்றோருக்கும் நாட்டுக்குமே என்பது அவர் கருத்து. காரணம் எளிது. நாம் கேளாமலே, எந்தத் தகுதியும் காட்டாமலே பெற்றுக்கொண்டவை இவை. நாம் பிறக்கும்போதே வீதி இருந்தது, பாடசாலை இருந்தது, வைத்தியசாலை இருந்தது, பேச ஒரு மொழி இருந்தது. யாரோ உழைத்து அவற்றை உண்டாக்கி வைத்திருந்தார்கள். நன்றியுள்ள மனிதன் அதை மறக்கமாட்டான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு இதற்கு ஓர் எல்லையையும் வகுத்தது. நாட்டை மனமுவந்து நேசிக்க வேண்டும். ஆனால் அந்த நேசம் மனதைக் குறுக்கிவிடக் கூடாது. முழு மனிதகுலத்தின் நலனும் நம் கண்முன் இருக்க வேண்டும் என்று அது போதித்தது.

இது நல்ல போதனைதான். ஆனால் "எந்த நாட்டை?" என்று கேட்டவருக்கு இதில் முழுப் பதில் கிடைக்கவில்லை. தாய் அடித்தால் பிள்ளை என்ன செய்வது என்பதல்லவா அவருடைய கேள்வி? அதற்குப் பதில் தேட, நம் ஊர்த் தோட்டக் காணிக்குள் சற்றுப் போய் வருவோம்.

பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். நிலத்தின் எல்லைகளைச் சொல்லி முடித்த பின்னர், கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் இவருக்கு இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். வற்றாத ஆறு ஒன்றும் பாயாத குடாநாட்டிலே கிணறுதான் உயிர். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். காணி பிள்ளைகளுக்குப் பிரியப் பிரியப் பங்கும் பிரியும். ஆனால் கிணறு பிரியாது. முறை வைத்து இறைப்பார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. துலா போய் இயந்திரம் வந்த பின்னும் முறை மாறவில்லை. கோடையில் ஊற்றுக் குறைந்தால் எல்லோரும் சேர்ந்து இறங்கிச் சேறு அள்ளுவார்கள்.

பங்காளிகள் எல்லோரும் சிநேகிதர்கள் என்று எண்ண வேண்டாம். வேலி வழக்கிலே கோடேறியவர்கள் அவர்களுள் உண்டு. நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் உண்டு. ஆனாலும், ஒருவன் மற்றவனோடு கோபம் என்பதற்காகக் கிணற்றிலே குப்பை கொட்டமாட்டான். கொட்டினால் தன் பிள்ளையும் அதையே குடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தக் கிணற்றுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. சுண்ணக்கற் பாறையில் ஊறி இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்பு நீருக்கு மேலே மிதந்தாற்போல் நிற்கிறது. ஒருவன் தன் தோட்டம் மாத்திரம் செழிக்க வேண்டும் என்று அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அப்போது அயலவன் பயிரும் கருகும். அவன் பயிரும் கருகும்.

அன்பர்களே, நாடு என்பது இத்தகைய ஒரு பங்குக் கிணறு. நாம் ஞாயிறுதோறும் கூடும் ஆலயச் சமூகத்தையும் "பங்கு" என்றுதானே அழைக்கிறோம்? அரசாங்கம் வேறு, நாடு வேறு. அரசாங்கம் என்பது முறையைக் கவனிக்க வைத்த ஆள். அவன் நல்லவனாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் சாய்பவனாகவும் இருக்கலாம். அவன் மாறுவான், கிணறு இருக்கும். நாட்டுப்பற்று என்பது கிணற்றின் மேலும், அதிலே குடிக்கும் எல்லோர் மேலும் வைக்கும் அக்கறை.

பங்கைக் கேட்பது துரோகமா?

ஒரு பங்காளிக்கு முறை மறுக்கப்பட்டால் அவன் என்ன செய்வான்? உறுதியை எடுத்துக்கொண்டு வருவான். "இது என் கிணறு, என் பங்கைத் தா" என்பான். அவன் கிணற்றுக்கு எதிரி என்று யாரும் சொல்வதில்லை.

1948இல் இந்த நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்ட மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. உறுதியிலிருந்தே பெயரை வெட்டியதற்கு ஒப்பான செயல் அது. அன்று தந்தை செல்வநாயகம் அதனை எதிர்த்தார். தம்முடைய சொந்தக் கட்சியை விட்டு வெளியேறி 1949இல் புதிய கட்சியைத் தோற்றுவித்தார். பாதிக்கப்பட்டவர்கள் அவருடைய தொகுதியின் வாக்காளர்கள் அல்லர். தெற்கின் இடதுசாரித் தலைவர்களும் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். இன்னொருவனுடைய முறைக்காக எழுந்து நின்ற இவர்களே, அன்று நாட்டை நேசித்தவர்கள் என்று சொல்ல வேண்டும்.

நமது தனிநாயகம் அடிகளாரையும் நினைத்துப் பாருங்கள். தமிழின் பெருமையை உலகப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துச் சென்றவர் அவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது மொழி உரிமைக்காக எழுதவும் பேசவும் அவர் தயங்கவில்லை. மொழியை நேசிப்பது நாட்டை வெறுப்பதாகுமா? ஊரையும் மொழியையும் நேசிக்கத் தெரியாதவனுக்கு நாட்டை நேசிக்க வராது. வீட்டிலே தொடங்கிய அன்புதான் ஒழுங்கைக்கும், ஊருக்கும், தீவுக்கும் விரிய வேண்டும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. சிங்களம் பேசியவர்களும் தமிழ் பேசியவர்களும் ஒரே கூரையின் கீழ் மாண்டார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று அவர்களுடைய உறவினர்கள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2023 தை மாதத்தில் உயர் நீதிமன்றம், அப்போதைய ஜனாதிபதியாக இருந்தவரே 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விடாது உண்மையைக் கேட்ட அந்தக் குடும்பங்கள் நாட்டுக்குத் தீங்கு செய்தனவா, நன்மை செய்தனவா? வடக்கிலே வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அதே உண்மையைத்தான். ஒன்று நாட்டுப்பற்று என்றால் மற்றதும் நாட்டுப்பற்றே.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். மனம் நொந்த வேளையில், "இது என்னுடைய நாடல்ல" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தை வாயில் வருவதற்கான காரணம் புரிகிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது நம் உறுதியை நாமே கிழித்துவிடுகிறோம். பங்கு இல்லாதவன் கேட்டால் அது யாசகம். பங்குள்ளவன் கேட்டால் அது உரிமை. நம்மை விலக்க நினைப்பவர்களுக்கு, நாமே விலகிக்கொள்வதைவிடச் சந்தோஷமான செய்தி வேறில்லை. ஆட்சி எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதில் நம் வாசகர்களுக்குள் பல கருத்துக்கள் இருக்கலாம். மனச்சாட்சிப்படி அவை இருக்கட்டும். எந்த வடிவம் வந்தாலும் ஒரே மழையும் ஒரே கடலும்தான் நமக்கு. அயலவனும் அயலவனாகவே இருப்பான்.

நாம் மறுத்த தண்ணீர்

பங்கைக் கேட்பவன் தன் கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிணறு என்றதும் யாழ்ப்பாணத்தவர் சிலர் மனதிலே வேறொரு நினைவு எழுந்திருக்கும். சாதியின் பேரால் கிணற்றுக்கட்டிலே ஏறவிடாமல், வாளியைத் தொடவிடாமல், யாராவது இரங்கி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவைத்தோமே, அதை யார் செய்தார்கள்? கொழும்பு அரசாங்கம் செய்யவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நம் தேவாலயங்களுக்குள்ளும் இடம் பிரித்து இருத்திய காலம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள்.

1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டொரு மணித்தியாலம். பல தலைமுறையாக நம்மோடு ஒரே சந்தையில் வாங்கி விற்றவர்கள், நம் மொழியையே பேசியவர்கள், கையில் ஒரு பையோடு போனார்கள். நாம் பயத்தினாலோ வேறெதனாலோ வாய் திறக்கவில்லை. பயம் உண்மையானதுதான். ஆனால் அந்த நாளைப் பற்றி இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

1983இல் தம் உயிரைப் பணயம் வைத்து அயலிலுள்ள தமிழரைத் தம் வீட்டினுள் ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்கள் பல. அதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மாத்திரம் சொல்லி வளர்த்தால் பிள்ளை கோபத்தைக் கற்கும். நாம் இழைத்ததையும், நமக்குச் செய்யப்பட்ட நன்மையையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை நீதியைக் கற்கும்.

சேறு அள்ளும் கைகள்

நாட்டுப்பற்று வாயிலே பிறந்து வாயிலே முடிவதல்ல. 1933இல் யாழ்ப்பாணத்திலே க. மு. செல்லப்பா என்பவர், பொதுமக்கள் வாசிப்பதற்கென்று தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து வைத்தார். அந்தச் சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதற்குத் தகுந்த கட்டடம் எழும்ப அயராது உழைத்தவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார். அவர் பிறந்ததோ அயர்லாந்து. இந்த மண்ணிலே அவருக்கு ஒரு பரப்புக் காணியும் சொந்தமில்லை. ஆனாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அலைந்தார். 1959இல் நூலகம் திறந்துவைக்கப்பட்டது.

1981 மே மாதம் முடிந்து யூன் பிறந்த அந்த நாட்களிலே அது தீயிடப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார். எரித்தவர்களும் தங்களைத் தேசபக்தர்கள் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அவர்கள் கிணற்றிலே நஞ்சைக் கொட்டியவர்கள். பிற்காலத்தில் கட்டடம் மீண்டும் எழுந்தது. அதற்காக நூலும் செங்கல்லும் சேர்த்துக் கொடுத்தவர்களுள் தென்னிலங்கை மக்களும் இருந்தார்கள். சிறுகச் சேர்த்தவர், அலைந்து கட்டியவர், எரித்தவர், திரும்பக் கட்ட உதவியவர் என்று இத்தனை பேரையும் அந்த ஒரு கட்டடத்தின் கதையிலே காண்கிறோம். இவர்களுள் யார் நாட்டை நேசித்தவர் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். சரியாகச் சொல்வார்கள்.

எல்லோராலும் நூலகம் கட்ட முடியாது. ஆனால் சேறு அள்ள எல்லோராலும் முடியும். செலுத்த வேண்டிய வரியை ஒளிக்காமல் செலுத்துவது சேறு அள்ளுவதாகும். கந்தோரிலே காரியம் முடிப்பதற்குக் "கைவிசேஷம்" கொடுக்க மறுப்பதும், அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் நாமானால் அதை வாங்க மறுப்பதும் அப்படித்தான். 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றபோது, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் எல்லா இனத்தவரும் ஒரே வரிசையில் நின்றோம். அடியிலுள்ள உவர் மேலேறினால் யாருடைய தோட்டமும் தப்பாது என்பதை அன்று கண்டோம். அதே ஆண்டு மே 18ஆம் திகதி காலிமுகத் திடலிலே, சிங்கள இளைஞர்களும் சேர்ந்து நின்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள், கஞ்சி பகிரப்பட்டது. அது சிறிய காரியம்தான். ஆனால் முன்னர் தெற்கிலே நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

வீட்டிலே தொடங்குவோம்

ஒரு குடும்பம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

அயலவனுடைய மொழியைப் படியுங்கள். 1920களில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழு இலங்கைக்கும் பூரண சுயராச்சியம் கேட்டது. பிள்ளைகள் தமிழும் சிங்களமும் கற்க வேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள். மடுத் திருவிழாவிலே பக்கத்துக் கூடாரத்தில் தங்கும் சிங்களக் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேச நம் பிள்ளைக்குத் தெரிந்தால், அதுவும் ஒரு யாத்திரையே.

அதே மூச்சில், உங்கள் மொழியின் உரிமையையும் கேளுங்கள். 1987இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் மாத்திரம் ஒரு கடிதம் வந்தால், கோபித்து மூலையில் போட்டுவிடாமல், தமிழில் தரும்படி மரியாதையாக எழுதுங்கள். பயனில்லையானால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். உங்கள் வீதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று அறிய 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. கேட்கத் தெரிந்த குடிமகனே நல்ல பங்காளி.

வாக்குரிமையை அலட்சியம் செய்யாதீர்கள். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் வந்தபோது, அந்தச் சீர்திருத்தம் போதாது என்று வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. நம் முறையை நாம் இறைக்காவிட்டால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும்.

வெளிநாட்டிலே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, போனவர்களைக் குறை சொல்ல வேண்டாம். உயிர் தப்பப் போனவர்கள் பலர். நாடு கடத்தப்பட்ட மக்களிடம், நீங்கள் வாழும் நகரின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்று எரேமியா இறைவாக்கினர் எழுதியனுப்பியதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அவர்கள் அங்கே நல்ல பங்காளிகளாக இருக்கட்டும். இங்கே கோவில் கோபுரத்துக்கு அனுப்புவதில் ஒரு பகுதியை ஊர்ப் பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கோ, குளத்தைத் தூர்ப்பதைத் தடுத்து ஆழமாக்குவதற்கோ அனுப்பட்டும்.

அழுத அன்பு

இனி, தாய் அடித்தால் பிள்ளை என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். நம் ஆண்டவர் தம் நாட்டை நேசித்த விதத்தை லூக்கா நற்செய்தியிலே காண்கிறோம். யெருசலேம் நகரம் கண்ணில் பட்டதும் அவர் அழுதார். அந்த நகரம் தம்மைக் கொல்லப்போகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதன் தலைவர்களை அவர் புகழவில்லை. அவர்களுடைய அநீதியை முகத்துக்கு நேரே சொன்னார். அதே வேளையில் நகரத்தைச் சபித்துவிட்டுத் திரும்பிப் போகவுமில்லை. கண்ணீரோடு அதற்குள்ளேயே நுழைந்தார்.

நாட்டை நேசி என்று நம்மிடம் கேட்கப்படுவதும் இவ்வளவே. அடித்ததை அடிக்கவில்லை என்று சொல்லும்படி யாரும் நம்மைக் கேட்க முடியாது; அப்படிச் சொல்வது பொய். அழலாம், கேட்கலாம், கண்டிக்கலாம். வெளியே நின்று கல்லெறிவதற்குப் பதிலாக, உள்ளே நின்று, உறுதியைக் கையிலே வைத்துக்கொண்டு கேட்போம். கேட்கும்போதே மறு கையால் சேற்றையும் அள்ளுவோம்.

"எந்த நாட்டை?" என்று அடுத்தமுறை உங்கள் வீட்டிலே யாராவது கேட்டால், கோபிக்காதீர்கள். நீயும் குடிக்கிற, உன் அயலவனும் குடிக்கிற, நாளை உன் பேரப்பிள்ளையும் குடிக்கப்போகிற இந்தக் கிணற்றைத்தான் என்று அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு, இன்று நம் முறையா, அயலவன் முறையா, சேறு அள்ளும் நாளா என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.